ஸ்பீக்கர் சரியா, நமக்குப் பிடிக்கிறதா? வீட்டு ஆடியோ அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாபநாசத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் புது ஸ்பீக்கர் ஜோடியை வைத்துக் கொடுத்த அன்று சாயங்காலம், அவர் முதலில் போடச் சொன்னது நாகஸ்வரம். அரை நிமிஷம் கேட்டார். எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழை இடது பக்கம் கிட்டத்தட்ட கடைசி வரை திருகிவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். "இப்பதான்டா நாயனம் மாதிரி இருக்கு" என்றார்.

"பெரியப்பா, ரெக்கார்டிங்ல இருக்கறதை மறைச்சுட்டீங்க" என்றேன்.

"அம்பது வருஷமா கோயில்ல கேட்கறவன்டா நான். நீ ரெக்கார்டிங்கைக் கேளு, நான் நாயனத்தைக் கேட்கறேன்."

அந்தப் பதிலை நான் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்: கோயிலில் நாம் நாகஸ்வரத்துக்கு நேர் எதிரே நாலடியில் நிற்பதில்லை. பிரகாரத்தில் ஓரமாக, சில சமயம் வாசிப்பவருக்குப் பின்னால் நிற்கிறோம். உச்ச ஒலிகள் அனசு என்ற விரிந்த வாயிலிருந்து நேராக முன்னால் போகும். பக்கவாட்டில் அவை குறைவு. ரெக்கார்டிங் மைக்கோ எதிரே, கிட்டத்தில் இருக்கிறது. ஆக, பெரியப்பாவின் ருசிக்கு அவர் நின்று கேட்ட இடம் என்ற காரணம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது என் தவறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் செய்யலாம்.

படி 1: இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

"இந்த செட் சரியாக இருக்கிறதா?" ஒரு கேள்வி. "எனக்குப் பிடித்திருக்கிறதா?" வேறு கேள்வி. கடையிலும் வீட்டிலும் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது.

துல்லியம் என்றால், ரெக்கார்டிங்கில் பதிவானது கூட்டாமல் குறைக்காமல் வெளியே வருவது. அவ்வளவுதான். கச்சேரி அப்படியே வீட்டுக்கு வருவது என்று அதற்குப் பொருள் இல்லை. ஸ்டுடியோவில் பாட்டைக் கலந்தவர் எந்த ஸ்பீக்கரில், எந்த அறையில் கேட்டு முடிவெடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுழற்சி இசைத்தட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பதிவில் மேல் அலைவெண்கள் பெரும்பாலும் ஏறவே இல்லை. மேலே கேட்பதெல்லாம் ஊசி உரசும் இரைச்சல். எவ்வளவு துல்லியமான செட்டாக இருந்தாலும் அந்த இரைச்சலைத் துல்லியமாகக் கொடுக்குமே தவிர, அவருடைய தோடியை இன்னும் கிட்டத்தில் கொண்டுவராது. அங்கே ட்ரெபிளைக் குறைத்துக் கேட்பதுதான் நியாயம்.

கும்பகோணம் டிகிரி காபிக்கு, பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பாலை அளப்பது ஒரு வேலை. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பது குடிப்பவர் இஷ்டம். தண்ணீர் கலந்த பாலை எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் சரிசெய்ய முடியாது. ஆடியோவிலும் பாலை முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 2: கேட்டுப் பார்க்க ஐந்து ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்துக்கு மேல் வேண்டாம், மறந்துபோகும். என் ஐந்து இவை: நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவு, மிருதங்கத் தனி ஆவர்த்தனம், பெண் குரலில் ஒரு கீர்த்தனை, பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு சினிமாப் பாட்டு, ஐந்தாவது, என் அம்மாவின் பேச்சு.

இந்த ஐந்தாவதைத் தவறவிடாதீர்கள். மொட்டை மாடியில், காற்று அடங்கிய நேரத்தில், வீட்டில் ஒருவரை இரண்டு நிமிஷம் பேச வைத்து போனில் பதிவு செய்யுங்கள். திறந்த வெளியில் எதிரொலி கலக்காது. அந்தப் பதிவை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓடவிட்டு, பேசியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே வார்த்தைகளைச் சொல்லச் சொல்லுங்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் 200, 300 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அலைவெண் கணக்கு) பக்கம் ஏதோ தூக்கியிருக்கிறது. மூக்கால் பேசுவது போல் இருந்தால் 800, 1000 பக்கம். "ச", "ஸ" எழுத்துகள் சீறினால் 6000க்கு மேல். தினம் கேட்கும் குரல் என்பதால் காது ஏமாறாது.

மிருதங்கத்தில் இடந்தலையைக் கவனியுங்கள். தொப்பியில் ரவை பூசி எழுப்பும் அந்தக் கும்கியின் ஏற்ற இறக்கம் ஒரு வளைவாகக் கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே "தும்" என்று கேட்டால் அது மிருதங்கத்தின் ஒலி அல்ல, உங்கள் அறையின் ஒலி.

படி 3: அட்டைப்பெட்டியில் உள்ள எண்களைப் படியுங்கள்

பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பல வருஷம் முன்பு ஒரு கடையில் ஆயிரக்கணக்கான வாட் என்று எழுதிய 5.1 செட்டை நானே வாங்கினேன். மூன்றங்குல சாட்டிலைட் பெட்டிகள், கீழ் ஒலிகளுக்கென்று ஒரு பெரிய சப்வூஃபர். அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. அதனால் அந்தப் பொறுப்பையெல்லாம் சப்வூஃபர் எடுத்துக்கொண்டது. பாடகரின் குரலில் பாதி டிவி மேலிருந்தும், பாதி மூலையில் தரையிலிருந்தும் வந்தது. சினிமாச் சண்டைக்கு ஜோராக இருந்தது, கீர்த்தனைக்கு ஆகவில்லை.

வாட் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. சென்சிடிவிட்டி 86 டெசிபெல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம் என்று பொருள். பத்தடி தள்ளி உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து உங்கள் காதுக்கு ஏறக்குறைய 80 டெசிபெல் வரும். அதுவே வீட்டுக்கு நல்ல சத்தம். ஆக சராசரிக்கு ஒரு வாட்டே போதும். ஆனால் தவில் அடி சராசரியைவிட 15, 20 டெசிபெல் எகிறும். 10 டெசிபெல் ஏற பத்து மடங்கு வாட் வேண்டும். 20 ஏற நூறு மடங்கு. இதனால்தான் எல்ஏ 4440 ஐசி போட்ட சின்ன அசெம்பிள் செட்டில் பேச்சு நன்றாக இருக்கும், தவில் தீர்மானம் வரும்போது கரகரக்கும். அந்த ஐசி ஒரு சானலுக்கு 6 வாட்தான் தரும். கரகரப்பைச் சிலர் "பவர்" என்று நினைத்துவிடுகிறார்கள். அது ருசியில் சேராது, உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கெடுக்கும்.

ஸ்பீக்கர் எதிலிருந்து எதுவரை ஒலிக்கும் என்று சொல்லும் "45 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்று இல்லாவிட்டால் அதை நம்ப முடியாது. ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷன் (ஒலியைத் திரிக்கும் அளவு) 0.1 சதவீதமா 0.01 சதவீதமா என்று மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாஸ் எனப்படும் கீழ் ஒலிகளில் ஸ்பீக்கரே பல சமயம் ஒரு சதவீதத்துக்கு மேல் திரிக்கிறது. ஒயர் விஷயமும் அப்படித்தான். ஐந்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், போக வர மொத்தத் தடை 0.12 ஓம் அளவு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை.

படி 4: ருசிக்கு இடமில்லாத கோளாறுகளை முதலில் நீக்குங்கள்

இரண்டு ஸ்பீக்கரின் கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பாஸ் மெலிந்திருந்தால் சந்தேகப்படலாம். ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கூட்டலில் கூட்டல் பட்டால் வூஃபரின் (பெரிய ஸ்பீக்கரின்) கோன் வெளியே வர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒரு பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

பழைய பெட்டியாக இருந்தால் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நம்மூர் ஈரத்தில் அது உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு பல வருஷம் தாங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும் பிளக்குகளை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

படி 5: அறை

செலவே இல்லாமல் அதிக மாற்றம் இங்கேதான் கிடைக்கும், அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

புதிதாகக் கட்டும் தளம் போட்ட வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அதிகம், உயரமும் பத்தடி. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட அலைவெண் மாட்டிக்கொண்டு பெருத்து ஒலிக்கும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். நம்மூர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். பன்னிரண்டடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் பத்தடி என்றால் அதற்கும் அதே 57. இரண்டும் ஒரே இடத்தில் ஏறி உட்காரும். "சும்மா அதிருதுல்ல" என்று சந்தோஷப்படும் பாஸ் பல வீடுகளில் இந்த ஒரு சுரம்தான். எந்தப் பாட்டு போட்டாலும் அதே சுரம் இடிக்கிறதா என்று கேளுங்கள்.

மூலையில் வைத்தால் இந்த இடி அதிகமாகும். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி முன்னால் கொண்டுவாருங்கள். நீங்கள் உட்காரும் இடமும் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். சப்வூஃபர் இருந்தால் அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாக நடந்து கேளுங்கள். பாஸ் சீராகக் கேட்கும் இடத்தில் அதை வைத்தால், உட்காரும் இடத்திலும் சீராகக் கேட்கும்.

ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். அது சோஃபாவில் உட்காருபவர்களுக்குச் சொன்ன உயரம். பாயில் உட்கார்ந்து கேட்டால் காது தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும், அதற்கேற்ப ஸ்டாண்டைக் குறையுங்கள், அல்லது பெட்டியைச் சற்று முன்பக்கம் சாய்த்து வையுங்கள். ஊஞ்சலில் கேட்பவர்கள் சோதனை நேரத்திலாவது ஊஞ்சலை நிறுத்திவிடுங்கள்.

மொசைக் தரை, பூசிய வெறும் சுவர் உள்ள அறையில் ஒரு முறை கை தட்டுங்கள். "ட்ரிங்" என்று வால் நீண்டால் துணி வேண்டும். கோரைப்பாய் மெல்லியது, அதிகம் உறிஞ்சாது. பஞ்சு மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். பெரியப்பா வீட்டில் சம்பா அறுவடை முடிந்து கூடத்து ஓரத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் மாசி மாதத்தில் பாட்டு அவ்வளவு தெளிவாக இருக்கும். மூட்டைகள் விலைக்குப் போன மறுநாள் கூடம் மறுபடி கணகணவென்று ஆகிவிடும். செட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவரே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

படி 6: அளந்து பாருங்கள்

ஒரு லேப்டாப், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், யூமிக்-1 போன்ற, அளவீட்டுக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக். இவ்வளவு போதும். மைக்கை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரு நாள் வேலைதான். போன் மைக்கை பாஸ் அளக்க நம்பாதீர்கள், சத்த அளவை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

மைக்கை உங்கள் தலை இருக்கும் இடத்தில் வைத்து, இடது ஸ்பீக்கரைத் தனியாக, வலதைத் தனியாக ஓடவிட்டு, எந்த அலைவெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்ற வரைபடம் எடுங்கள். தலையைச் சுற்றி ஒரு முழத்துக்குள் ஐந்தாறு இடங்களில் எடுத்து சராசரி பாருங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மலை போல் எழும் இடங்களை ஈக்வலைசரில் (அலைவெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) குறையுங்கள். பள்ளங்களைத் தூக்க வேண்டாம். பத்து டெசிபெல் தூக்கினால் ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு சுமை, பள்ளமோ நிரம்பாது. அங்கே ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன.

என் தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. பெரியப்பா வீட்டில் 20,000 ஹெர்ட்ஸ் வரை வரைபடக் கோட்டை மட்டமாக்கினேன். மட்டமான கோடுதான் துல்லியம் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஆனால் நேர் எதிரே எல்லா அலைவெண்ணும் சமமாக ஒலிக்கும் நல்ல ஸ்பீக்கரை ஓர் அறைக்குள் அளந்தால், பாஸிலிருந்து ட்ரெபிளை நோக்கிக் கோடு மெல்லச் சரிந்துதான் வரும். மேல் ஒலிகள் முன்னோக்கிக் குவிகின்றன, துணியும் மனிதர்களும் அவற்றை உறிஞ்சுகிறார்கள். கீழ் ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவி அறையை நிரப்புகின்றன. அந்த இயல்பான சரிவை நான் நிமிர்த்தியபோது, உண்மையில் ட்ரெபிளைக் கூட்டியிருக்கிறேன். காதுக்கு மிகக் கூர்மையான உணர்வு உள்ள 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலும் அந்தக் கூட்டல் ஏறியது. நாயனம் குத்தத்தான் செய்யும். பெரியப்பாவுக்கு வரைபடம் தெரியாது, ஆனால் அவர் காது சொன்ன தகவல் சரியாக இருந்தது. யாராவது "பிடிக்கல" என்றால், ருசி என்று ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை அளவீட்டைத் திரும்பப் பாருங்கள்.

300க்கு மேலே நான் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

படி 7: வேட்டித் திரைக்குப் பின்னால் வைத்துக் கேளுங்கள்

1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்க்க வைத்தும், மறைத்து வைத்தும் கேட்கவிட்டு மதிப்பெண் போடச் சொன்ன ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண் மாறியது. அந்தப் பெட்டிகளைத் தயாரித்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்கும் அப்படித்தான். மறைத்துக் கேட்டபோது, பெரும்பாலோர் எதையும் தூக்காமல் சமமாக, சீராக ஒலி தரும் ஸ்பீக்கரையே விரும்பினார்கள் என்பதையும் அவர்களுடைய தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. ஆக, துல்லியமும் ருசியும் நாம் நினைக்கும் அளவுக்கு எதிரிகள் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். கூடத்துத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கொடி கட்டி, ஒரு மெல்லிய எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டோம். பின்னால் பழைய ஜோடி, புது ஜோடி இரண்டும். அத்தை பையன் திரைக்குப் பின்னால் ஒயரை மாற்ற, பெரியப்பா முன்னால் உட்கார்ந்து "ஒண்ணு", "ரெண்டு" என்று மட்டும் சொன்னார்.

சத்தத்தைச் சமமாக்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒரு டெசிபெல் அதிகமாக ஒலிப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "நல்லா இருக்கு" என்று சொல்லும். பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஒரே இடத்தில் வைத்த மீட்டரில் அரை டெசிபெல்லுக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிடுவதாக இருந்தால், 300 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள். இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

வித்தியாசம் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பத்து முறை சோதியுங்கள். நாணயம் சுண்டுவது போல் குருட்டாம்போக்கில் சொன்னால், பத்துக்கு ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஏழு சரி என்றால் எதையும் முடிவு கட்டாதீர்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். நல்ல நிலையில் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

படி 8: இனி ருசி

குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்து ஒரு வாரம் கேளுங்கள். காது பழக வேண்டும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு குமிழ் மட்டும், இரண்டு டெசிபெல் அளவுக்கு. இரண்டு நாள் கழித்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பழையபடி வேண்டும் என்று தோன்றினால் அது உங்கள் ருசிதான், வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஷான் ஆலிவின் ஹெட்ஃபோன் ஆய்வுகளிலும், பெரும்பாலோர் ஒரே மாதிரி ஒலியை விரும்பினாலும், ஒரு சிறு பகுதியினர் கூடுதல் பாஸும் இன்னொரு பகுதியினர் குறைந்த பாஸும் கேட்டார்கள்.

பாஸ் விரும்பிகள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று, நான்கு டெசிபெல் கூட்டிப் பாருங்கள். 200க்கு மேலே போனால் குரல் பானைக்குள் போய்விடும். இரவில் சத்தம் குறைத்துத் திண்ணையில் கேட்பவர்கள் லவுட்னஸ் பட்டனைத் தயங்காமல் அழுத்தலாம். சத்தம் குறையும்போது காதுக்கு பாஸ் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அந்தப் பட்டன் அதை ஈடுகட்டத்தான் இருக்கிறது. பகலில் சத்தமாகக் கேட்கும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். பகல் சத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: 85 டெசிபெல்லில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது காதுக்கான எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

ஒரே வீட்டில் நாலு பேர் கேட்டால் ஒவ்வொருவர் ருசிக்கும் ஒரு பிரீசெட் சேமித்துவிடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், குமிழ் நிற்கும் இடங்களைக் கடிகார மணியாக ஒரு சீட்டில் எழுதி ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் ஒட்டிவையுங்கள். அறையைச் சரிசெய்யப் போட்ட ஈக்வலைசர் அளவுகளை அந்தச் சீட்டில் சேர்க்காதீர்கள். அவை யாருடைய ருசியும் இல்லை, யாரும் தொடக்கூடாது.

பெரியப்பா வீட்டுச் சீட்டில் இப்போது இரண்டு வரி இருக்கிறது. பேத்திக்கு பாஸ் இரண்டு மணி, ட்ரெபிள் பன்னிரண்டு. அவருக்கு பாஸ் பன்னிரண்டு, ட்ரெபிள் பதினொன்று. முதல் நாள் ஏழு மணி வரை திருகியவர், 300க்கு மேலே நான் போட்ட ஈக்வலைசரை எடுத்தபிறகு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து தானாகச் சொல்லி நிறுத்திய இடம் அந்தப் பதினொன்று.